பிள்ளையோடு தைக்கும் முதல் ஒட்டுத்துணி



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் தாய்மார் சிலர் நம்மிடம் வந்து, "ஐயா, விடுமுறையில் பிள்ளையை என்ன செய்யச் சொல்வது? கைப்பேசியை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறதே!" என்று கேட்பதுண்டு. பயிற்சி நூல் ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்று விடை கூறுவது எளிது. ஆனால் அந்நூலைத் திறந்த மாத்திரத்தில் தாய் ஒருபுறமும் பிள்ளை மறுபுறமுமாகப் பிரிந்துவிடுவதை நாம் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறோம். "நான் அவ்வளவு படிக்கவில்லை ஐயா, அதெல்லாம் எனக்குப் புரியாது" என்று கூறி அந்தத் தாய் சமையற்கட்டுக்குப் போய்விடுகிறார். தன் அன்னைக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணம் பிள்ளையின் மனத்தில் அன்றே விதையாக விழுந்துவிடுகிறது. அவ்வெண்ணம் எத்துணைப் பொய்யானது என்பதை நாம் அறிவோம். ஆகவே இவ்வாண்டு மலரில், தாய்க்கு நன்கு கைவந்ததும் பிள்ளைக்குப் புதியதுமாகிய ஒரு வேலையைப் பற்றி எழுத எண்ணினோம். அதுவே ஒட்டுத்துணித் தையல்.

வெவ்வேறு துணித் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து மேல்துணி ஒன்றை உண்டாக்கி, உள்ளே மெத்தென்ற ஒரு துணியை வைத்து, அடியில் மற்றொரு துணியைக் கொடுத்து, மூன்றும் நழுவாதவாறு சேர்த்துத் தைப்பதே ஒட்டுப் போர்வை. நம் மலாய் அண்டை வீட்டார் இத்தகைய வெட்டுத் துண்டுகளைக் 'காயின் பெர்ச்சா' என்பர். வங்காள நாட்டுப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து பிரித்தெடுத்த வண்ண நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டுக் 'காந்தா' என்னும் போர்வையை ஆக்கினர். நம் தோட்டத்து மூதாட்டியருக்கும் இது புதிதன்று. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் துணிப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது சாக்கையே உடுத்திக் காலங்கழித்த தலைமுறை அது. ஒரு சாண் துணியையும் வீணே எறிய அவர்களுக்கு மனம் வந்ததில்லை.

இனி, எதைத் தைப்பது என்னும் கேள்விக்கு வருவோம். பெற்றோர் பலர் இங்குதான் தடுமாறுகின்றனர். ஆர்வ மிகுதியால், "கட்டிலுக்குப் போர்வையே தைத்துவிடுவோமே" என்று தொடங்குகின்றனர். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் படுக்கும் கட்டிலுக்கு 60 அங்குல அகலமும் 84 அங்குல நீளமும் உள்ள போர்வை வேண்டும். தைத்து முடித்தபின் 4 அங்குலம் நிற்கும் சதுரத் துண்டுகளால் அதனை நிரப்ப, அகலத்தில் 15, நீளத்தில் 21, ஆக 315 துண்டுகள் தேவைப்படும். அவற்றை வரிசை வரிசையாகச் சேர்க்கக் குறுந்தையல் 294. அவ்வரிசைகளை இணைக்க நெடுந்தையல் 20. எட்டு வயதுப் பிள்ளை ஒன்று இதனை முடிக்குமா? முதல் வாரம் உற்சாகம், இரண்டாம் வாரம் சலிப்பு, மூன்றாம் வாரம் பாதியில் நின்ற துணி அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்ச்சேரும். 'தொடங்கினேன், முடிக்க முடியவில்லை' என்னும் நினைவு மட்டும் அப்பிள்ளையிடம் தங்கிவிடும். பின்னர் எந்த வேலையைக் கொடுத்தாலும் அந்நினைவே முன்னால் வந்து நிற்கும்.

ஆகவே முதல் வேலை சிறியதாக இருக்க வேண்டும். எவ்வளவு சிறியது? விடுமுறை முடிவதற்குள் முடியுமளவு சிறியது. முடிந்தபின் நாள்தோறும் பயன்படுமளவு பெரியது. இவ்விரண்டுக்கும் பொருந்துவதாக நாம் கருதுவது, அமர்வதற்கான ஒரு சதுர விரிப்பு. அகலத்தில் 4, நீளத்தில் 4, ஆக 16 துண்டுகள். குறுந்தையல் 12, நெடுந்தையல் 3. முடிவில் 16 அங்குலச் சதுரமாக நிற்கும். சிமிந்தித் தரையில் போட்டு உட்காரலாம், நாற்காலியில் விரிக்கலாம், தாத்தாவின் சாய்வு நாற்காலியில் முதுகுக்குக் கொடுக்கலாம். நம் நாட்டு வெப்பத்திற்குக் கனத்த போர்வையைவிட இதுவே அதிகம் கைக்கு வரும் பொருள்.

தம்பி, தங்கைக்குத் தொட்டிலில் விரிக்கலாமே என்று சிலர் எண்ணக்கூடும். அது வேண்டா. ஓராண்டு நிறையாத குழந்தை உறங்கும் இடத்தில் தளர்ந்த போர்வை, மெத்தென்ற விரிப்பு, தலையணை எதுவும் இருத்தலாகாது, அவை மூச்சை அடைக்கக்கூடும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. குழந்தை விழித்திருக்கும்போது பெரியவர் பார்வையில் தரையில் விரித்து விளையாட விடுவதில் தவறில்லை.

வடிவத்திலும் எளிமை வேண்டும். ஒட்டுத்துணி என்றதும் முக்கோணங்களாலான விண்மீனும் ஆறுகோணங்களாலான மலரும் பலர் கண்முன் நிற்கும். அவை அழகியவைதாம், முதல் வேலைக்கு ஏற்றவையல்ல. துணியில் நெடுக்கே ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் உண்டு. அந்நூல்களின் போக்கிலேயே வெட்டிய ஓரம் இழுத்தாலும் அவ்வளவாக நீளாது. முக்கோணத்திற்காகக் கோணலாக வெட்டிய ஓரமோ இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போகும். பிஞ்சுக் கையில் அது அலைபோல் நெளிந்துவிடும். சதுரத்தின் நான்கு ஓரங்களும் நூலின் போக்கிலேயே அமைவதால் பிள்ளையின் பிடிக்கு அது அடங்கி நிற்கும்.

ஆறுகோணத்தைப் பற்றிக் கூறியதால், நம் அண்டை மண்ணில் பிள்ளைகள் தைத்த ஓர் ஆறுகோணப் போர்வையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச்சுத் திங்களில் ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் நடத்தியே அழைத்துச் செல்லப்பட்டுச் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். அங்கே எலிசபெத் என்னிஸ் என்னும் தாதி, 8 முதல் 16 வயது வரையிலான சிறுமியர் இருபதின்மரைச் சேர்த்துச் சாரணியர் குழு ஒன்றை நடத்தி வந்தார். அவருடைய பிறந்த நாளுக்கு என்ன பரிசு கொடுப்பது? கடையில்லை, காசில்லை. கிடைத்த கந்தல்களைச் சேகரித்து, ஆறுகோணங்களாக வெட்டி, அவருக்குத் தெரியாமல் மறைவாகத் தைத்து, தத்தம் பெயரையும் நூலால் பொறித்துப் போர்வையொன்று ஆக்கினர். அப்பிள்ளைகளின் வேலையைக் கண்டே பின்னர்ச் சிறையிலிருந்த பெண்கள் ஆளுக்கு ஒரு சதுரத் துணியில் பூத்தையலிட்டு, 66 சதுரங்கள் கொண்ட மூன்று போர்வைகளை ஆக்கினர் என்பர். தாம் உயிரோடிருக்கிறோம் என்பதை ஆடவர் பகுதியிலிருந்த கணவன்மார்க்குத் தெரிவிக்க அத்தையல் ஒரு வழியாயிற்று. சிறுமியர் தைத்த போர்வை இன்று இலண்டன் மாநகரின் பேரரசுப் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

'எட்டு வயதுப் பிள்ளையால் ஆறுகோணம் தைக்க முடிந்ததே' என்று நீங்கள் நம்மை மடக்கலாம். அங்கே இருபது பேர் கூடித் தைத்தனர், மூத்த பெண்கள் இளையவர்க்குக் கைகொடுத்தனர், நாள்களுக்கும் பஞ்சமில்லை. வீட்டில் தனியே அமரும் ஒரு பிள்ளைக்குச் சதுரமே தக்கது.

அடுத்தது துணி. புதுத்துணி வாங்க வேண்டியதில்லை. வாங்கலாகாது என்றே கூறுவோம். பிள்ளைக்குச் சிறுத்துப்போன வெள்ளைப் பள்ளிச் சட்டை, நைந்த பாத்தேக் கைலி, பழைய வாயில் சேலை, கிழிந்த சன்னல் திரை ஆகியவையே போதும். ஆறு, ஏழு வயதுப் பிள்ளையின் சட்டை முதுகிலிருந்து மட்டும் 5 அங்குலச் சதுரம் ஆறு எடுக்கலாம். எந்தத் துணி ஆகும், எது ஆகாது என்பதைத் தாய்மார் விரல் நுனியாலேயே சொல்லிவிடுவர். எனினும் இளந்தாய்மாருக்காகச் சில கூறுவோம். பருத்தி நன்று. பருத்தியோடு செயற்கை இழை கலந்த பள்ளிச் சட்டைத் துணியும் ஏற்றதே. வழுவழுப்பான நைலான், சாட்டின், சார்செட்டு ஆகியவை ஊசியைக் கண்டால் நழுவி ஓடும். ஓரமும் நூல்நூலாகப் பிரியும். பனியன் துணி இழுபடும். காற்சட்டைக்குரிய கனத்த 'ஜீன்ஸ்' துணியில் பிள்ளையால் ஊசியை அழுத்தி ஏற்ற முடியாது. ஒரே விரிப்பில் மெல்லிய துணியையும் தடித்த துணியையும் கலக்கலாகாது. மெல்லியது முதலில் கிழியும்.

பாத்தேக் கைலியின் சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். கறை படிந்தால் அத்துணியைத் தனியே அலசி, நீர் தெளியும்வரை மீண்டும் மீண்டும் துவையுங்கள். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வதை நம்பிவிட வேண்டா. தெளியவே தெளியாத துணியை ஒதுக்கிவிடுவதே மேல். இல்லையேல் முதல் சலவையிலேயே வெள்ளைச் சதுரமெல்லாம் இளஞ்சிவப்பாகிப் பிள்ளை அழும்.

யாருடைய துணி என்பதும் ஒரு செய்தி. 'இது என் முதலாம் ஆண்டுச் சட்டை, இது பாட்டியின் கைலி, இது அப்பா வெட்டுக்குப் போட்டுச் சென்ற சட்டை' என்று பிள்ளை விரல் வைத்துக் காட்டும்போது, அவ்விரிப்பு கடையில் வாங்கிய எதனினும் மேலாகிவிடுகிறது. அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில் 'கீஸ் பெண்ட்' என்னும் சிற்றூர் உண்டு. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர் அது. அவ்வூர்ப் பெண்கள் குளிர் தாங்க, வேலைக்குப் போட்டுத் தேய்ந்த உடைகளை வெட்டிப் போர்வை தைத்தனர். அவர்களுள் மிசூரி பெட்வே என்பார், 1942ஆம் ஆண்டு கணவர் மறைந்தபின் அவருடைய வேலை உடைகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். முழங்கால் தேய்ந்த இடமும் வெளுத்த நிறமும் அதில் அப்படியே தெரியும். அவ்வூர்ப் போர்வைகள் 2002இல் ஹியூஸ்டன் நகர அருங்காட்சியகத்திலும் பின்னர் நியூயார்க்கிலும் ஓவியங்களுக்கு நிகராகச் சுவரில் மாட்டப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன. தோட்டத் தொழிலாளர் வீட்டுக் கந்தை அது! நம்மவர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி என்பதால் ஈண்டுக் குறித்தோம்.

மறைந்தவர் துணியைப் பயன்படுத்தும் வழக்கம் நம் குடும்பங்கள் எல்லாவற்றிலும் இல்லை. சிலர் அதனை விரும்புவதில்லை. சிலர் மறைந்த தந்தையின் ஒரே சட்டையைப் பெட்டியில் மடித்து வைத்திருப்பர். கத்தரிக்கோலை எடுப்பதற்குமுன் வீட்டுப் பெரியவரிடம் ஒரு சொல் கேட்டுவிடுவது நலம். வெட்டிய துணி மீளாது.

துணி வெளுத்துக் காய்ந்து இஸ்திரி போட்டபின் அளவெடுக்க வேண்டும். இதற்கு நாம் வகுப்பில் கையாளும் முறை ஒன்றுண்டு. தடித்த அட்டையில், காலைச் சிற்றுண்டி மாவுப் பெட்டியாயினும் சரி, இரண்டு சதுரங்கள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்று 5 அங்குலம், மற்றொன்று 4 அங்குலம். துணியின் பின்புறத்தில் பெரிய அட்டையை நூலின் போக்கிற்கு நேராக வைத்துப் பென்சிலால் கோடிழுத்தால் அது வெட்டும் கோடு. அதன் நடுவே சிறிய அட்டையை வைத்துக் கோடிழுத்தால் அது தைக்கும் கோடு. இரண்டுக்கும் இடையே எல்லாப் பக்கமும் அரை அங்குலம் இருக்கும். தேர்ந்த தையற்காரர் கால் அங்குலம் விட்டுத் தைப்பர். பிள்ளையின் வெட்டும் தையலும் சற்றே விலகினாலும் தாங்கிக்கொள்ள அரை அங்குலம் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கோட்டின்மேல் ஊசியை ஓட்டுவது, கோடின்றி ஓட்டுவதைவிடப் பன்மடங்கு எளிது.

கோடு போடும் வேலை பிள்ளைக்கு; வெட்டும் வேலை பெரியவர்க்கு. துணி வெட்டும் கூரிய கத்தரிக்கோலைப் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். இஸ்திரிப்பெட்டியும் அவ்வாறே. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளையாயின் நிறம் பிரிப்பதும் துண்டுகளை அடுக்குவதும் அதன் பங்கு. ஏழு, எட்டு வயதில் ஓட்டுத்தையல் கைவரும். ஆண் பிள்ளைக்கு இது எதற்கு என்று தந்தையர் எவரேனும் கேட்பின், அவர் அணிந்திருக்கும் காற்சட்டையைத் தைத்தவர் ஆணா பெண்ணா என்று நாம் திருப்பிக் கேட்போம்.

அழுத்த நிறத்தில் 8, வெளிர் நிறத்தில் 8 என 16 துண்டுகளும் வந்தபின், தைப்பதற்குமுன் ஒருநாள் முழுவதும் அடுக்கிப் பார்ப்பதற்கே ஒதுக்குங்கள். சதுரங்கப் பலகைபோல் ஒன்றுவிட்டு ஒன்று வைக்கலாம். அழுத்த நிறத்தை ஓரம் சுற்றிலும் வைத்தால் 12 துண்டு வேண்டுமே, நம்மிடம் 8தானே உள்ளது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். மூலைக்கு மூலை சாய்வாக ஓடவிடலாம். இங்கே பெற்றோர் வாய்திறவாமை நன்று. பச்சைக்குப் பக்கத்தில் ஊதா வேண்டுமென்று பிள்ளை சொன்னால் வைக்கட்டும். அதன் கண்ணுக்கு அது அழகு. முடிவானதும் ஒவ்வொரு துண்டின் பின்னும் பென்சிலால் 1 முதல் 16 வரை எண்ணிட்டு, வரிசைக்கு ஒரு குண்டூசியாகக் குத்தி வையுங்கள். இரவில் காற்றடித்துக் கலைந்தாலும் கவலையில்லை.

ஊசி நடுத்தர அளவும் பெரிய காதும் உடையதாய் இருத்தல் வேண்டும். நூலின் நீளம் ஒரு முழம், அதாவது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. நீளமாக எடுத்தால் அடிக்கடி கோக்க வேண்டியதில்லையே என்று பிள்ளைகள் ஆசைப்படுவர். நெடுநூல் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழுவதை ஒருமுறை கண்டால் தாமே ஒரு முழத்துக்கு வந்துவிடுவர். வேலை தொடங்கும்போது டப்பாவிலிருந்து எத்தனை ஊசி, எத்தனை குண்டூசி வெளியே வந்தன என்று எண்ணிக்கொள்ள வேண்டும். முடியும்போது அத்தனையும் திரும்ப வேண்டும். தரையில் படுத்துறங்கும் வீடுகளில் இதில் விளையாட்டே கூடாது.

துண்டு 1ஐயும் 2ஐயும் நல்ல பக்கங்கள் முகம்பார்க்க ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டின் கோடுகளும் பொருந்துமாறு குண்டூசி குத்தி, கோட்டின்மேல் ஓட்டுத்தையல் போடுக. அங்குலத்துக்கு நான்கு தையல் விழுந்தால் முதல் கைக்குப் போதும். நான்கைந்து தையலுக்கு ஒருமுறை ஊசியைப் பின்னுக்கு எடுத்து ஒரு கெட்டித் தையல் போட்டால், நூல் ஓரிடத்தில் அறுந்தாலும் முழுவதும் பிரியாது. பழகாத கைக்கு இவ்வொரு குறுந்தையல் கால் மணி நேரம் பிடிக்கலாம். நாளொன்றுக்கு இரண்டு போதும். ஆறு நாளில் நான்கு வரிசைகளும் ஆகிவிடும். பிள்ளை மூன்றாவது தைக்கக் கேட்டாலும், "நாளைக்கு" என்று எடுத்து வைத்துவிடுங்கள். ஆசை மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிட்டால் மறுநாள் கூப்பிடாமலே பிள்ளை வந்து உட்காரும்.

வரிசைகளை இணைக்குமுன் இஸ்திரிப்பெட்டி ஒருமுறை வேண்டும். முதல் வரிசையின் பின்புறத் தையல் மடிப்புகளையெல்லாம் வலப்பக்கம் சாய்த்துத் தேயுங்கள், இரண்டாம் வரிசையினுடையதை இடப்பக்கம், மூன்றாவது மீண்டும் வலம், நான்காவது இடம். அப்போது இரு வரிசைகள் சேருமிடத்தில் மடிப்போடு மடிப்பு கோத்துக்கொண்டு நிற்கும். நான்கு சதுரங்களின் முனைகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும். இவ்வாறு செய்யாவிடில் ஒரே இடத்தில் மடிப்புகள் குவிந்து, முண்டு தட்டி, ஊசியும் ஏறாது. நெடுந்தையல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் கொடுங்கள். மொத்தம் பன்னிரண்டு நாளில் மேல்துணி 17 அங்குலச் சதுரமாகக் கையில் இருக்கும்.

நாம் எல்லாவற்றினும் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. பிள்ளை தைத்ததை இரவோடிரவாகப் பிரித்து நீங்கள் திருத்தித் தைக்காதீர்கள். சில ஆண்டுகளுக்குமுன் கைவினைக் கண்காட்சி ஒன்றுக்கு மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி தலையணை உறை கொண்டுவந்தாள். தையல் அச்சில் வார்த்தாற்போல் இருந்தது. வந்தவர் அனைவரும் பாராட்டினர். அவளோ தலைகுனிந்தபடி, "நான் தைத்ததை அம்மா பிரிச்சிட்டாங்க சார். இது அம்மா தைச்சது" என்றாள். அவ்வுறையில் தன் தையலென்று தொட்டுக்காட்ட ஓர் இடமும் அவளுக்கு இல்லை. அந்தத் தாயை நாம் குறை கூறவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, வேலைக்குப் போய்வந்து, சமைத்து முடித்து, உறக்கத்தையும் விட்டுப் பிள்ளையின் பெயர் கெடக்கூடாதென்று விளக்கடியில் உட்கார்ந்து தைத்தவர் அவர். ஆனால் கோணல் தையல் கொண்டு வந்த பிள்ளைகள் அன்று ஓடியாடித் தம் வேலையைக் காட்டிக் கொண்டிருக்க, இவள் மட்டும் உறையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள்.

தையல் கோட்டைவிட்டு விலகி ஓட்டை விழுந்திருந்தால், அவ்விடத்தைக் காட்டி, "இதன் வழியே உள்துணி வெளியே வந்துவிடும் போலிருக்கிறதே" என்று மட்டும் சொல்லுங்கள். மீண்டும் ஒருமுறை பிள்ளையே ஊசியை ஓட்டும். ஓட்டையில்லாத கோணல் கோணலாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நான்கு மூலைகள் ஒரு புள்ளியில் சேராமல் ஒரு நூலளவு விலகி நின்றாலும் உட்காருபவருக்கு உறுத்தாது.

மூன்றடுக்கையும் சேர்ப்பது பெரியவர் வேலை. உள்ளே வைக்கக் கடைப்பஞ்சு வேண்டா; மெலிந்த பழைய குளியல் துவாலை போதும். துவைத்தாலும் திரளாது, விரைவில் காயும். துவாலையையும் அடித்துணியையும் 17 அங்குலச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். அடித்துணியின் நல்ல பக்கத்தில், ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு மூலையில், பிள்ளை தன் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி அதன்மேல் நூல் ஓட்டட்டும். சேர்த்துத் தைத்தபின் இதனைச் செய்வது கடினம். பின்னர்த் துவாலையைத் தரையில் விரித்து, அதன்மேல் அடித்துணியை நல்ல பக்கம் மேல்நோக்க வைத்து, அதன்மேல் பிள்ளை தைத்த மேல்துணியை நல்ல பக்கம் கீழ்நோக்கக் கவிழ்த்து, சுற்றிலும் குண்டூசி குத்துங்கள். ஓரத்திலிருந்து அரை அங்குலம் விட்டு நாற்புறமும் கெட்டித் தையல் போட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் 6 அங்குலம் தைக்காமல் விடுங்கள். தையல் எந்திரம் இருப்பின் இதற்குப் பயன்படுத்தலாம். நான்கு மூலைகளிலும் மிகுந்த துணியைத் தையலைத் தொடாமல் கத்தரித்து, விட்ட வாயின் வழியே உள்ளிருப்பதை வெளியே இழுத்துத் திருப்புங்கள். இந்நேரத்தில் பிள்ளையை அருகில் வைத்துக்கொள்ள மறவாதீர்கள். கந்தல் மூட்டைபோல் இருந்தது வண்ண விரிப்பாகத் திரும்பி வருவதைக் காணும் முகத்தை நீங்கள் காண வேண்டும். அவ்வாயை மடித்துத் தைத்து மூடுங்கள்.

உள்துவாலை நழுவாமலிருக்க மேலெங்கும் நெருக்கமாகத் தைப்பது தேர்ந்தவர் முறை. நமக்கு முடிச்சு போதும். சதுரங்களின் மூலைகள் உள்ளே சந்திக்கும் இடங்கள் 9. ஒவ்வொன்றிலும் தடித்த பூத்தையல் நூலை மேலிருந்து கீழே செலுத்தி, கால் அங்குலம் தள்ளி மேலே எடுத்து, வலத்தை இடத்தின்மேலும் பிறகு இடத்தை வலத்தின்மேலுமாக இருமுறை முடிச்சிட்டு, அரை அங்குல வால் விட்டு நறுக்குங்கள். இது முழுக்கப் பிள்ளையின் வேலை.

மேல்வகுப்பு மாணவர்களுக்கு ஒரு கணக்கு. 5 அங்குலச் சதுரம் 16 வெட்டினோம். அதன் பரப்பு 400 சதுர அங்குலம். முடிந்த விரிப்போ 16க்கு 16, ஆக 256 சதுர அங்குலம். மீதி 144 சதுர அங்குலத் துணி எங்கே போயிற்று? விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அன்னையிடம் கேளுங்கள். பள்ளிக்கூடம் போகாத பாட்டியாயினும், தையல் மடிப்பை விரலால் நெருடிக் காட்டி விடை சொல்லிவிடுவார்.

துவைக்கும்போது முதல் இரண்டு முறை தனியே, குளிர்ந்த நீரில், கையால் கசக்கித் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். முடிச்சு ஏதேனும் அவிழ்ந்தால் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். 5 அங்குல, 4 அங்குல அட்டைகள் நம் பள்ளி அலுவலகத்தில் வெட்டி வைக்கப்பட்டுள்ளன. தையற் பெட்டிக்கு அருகே ஒரு சாக்குத் துணித் துண்டுகளும் உண்டு. வெளிர் நிறம் குறைவாகவே உள்ளது. வீட்டில் சிறுத்துப்போன வெள்ளைச் சட்டை மிகுதியாக இருப்போர் விடுமுறைக்குமுன் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால், இல்லாத வீட்டுக்கு உதவும்.